இடப்பக்கத்துப் பள்ளங்கள்

அக்காவைக் கேட்காமலேயே அவள் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான் தம்பி. நூற்றிருபது கிலோமீட்டர் சைக்கிள் பயணம், ஒரே நாளில். வளர்ந்த பிறகு பார்வை போனவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் விடுதி ஒன்றுக்கு இன்னும் நான்கு அறைகள் கட்ட வேண்டியிருந்தது. அதற்காக நிதி திரட்டினார்கள். கோலைத் தட்டி நடக்கவும், தானே அடுப்பைப் பற்றவைக்கவும், டெலிபோன் போர்டில் உட்கார்ந்து வேலை பார்க்கவும் தம்பி கற்றுக்கொண்ட இடம் அது. பார்வையில்லாதவர்களும் வரட்டும் என்று இரண்டு பேர் மிதிக்கிற இரட்டைச் சைக்கிள்களை அவர்களே கொடுத்தார்கள். முன் சீட்டில் பார்வையுள்ளவர், பின் சீட்டில் இல்லாதவர்.

"முன்னாடி யாருன்னு கேட்டாங்க. எங்க அக்கான்னு சொல்லிட்டேன்" என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே, வரும் வழியில் பால் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துகிற வேலை. கடையிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணம் நான்கு வருஷத்தில் சண்டை சச்சரவு எதுவுமில்லாமல் முடிந்துபோயிற்று. அதற்கப்புறம் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அவளும் தம்பியும்தான். கடைக்குப் போக அவளிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. இரண்டரை கிலோமீட்டர் தூரம். அதிலும் நடுவில் வருகிற பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டாயே என்று அன்று சாயங்காலம் முழுக்க அவனைத் திட்டினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் ரொட்டியைத் தின்றான். திட்டி முடித்ததும், பயிற்சிக்கு நாலு மாசம் இருக்கிறது, ஞாயிறுதோறும் போனால் போதும் என்றான்.

அவளால் முடியாது என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயது வரை தம்பி சைக்கிளைவிட்டு இறங்கியதில்லை. பதினான்கு வயதிலேயே பொழுது சாய்ந்தால் அவனுக்குத் தடுமாற்றம். பிறகு பக்கவாட்டில் வருவது தெரியாமல் போயிற்று. பதினேழில், பட்டப்பகலில், நின்றுகொண்டிருந்த லாரியின் மூலையில் மோதித் தோளை உடைத்துக்கொண்டு வந்தான். இருபத்தாறில் மிச்சமிருந்த நடுப்பார்வையும் அடங்கியது. அம்மாவின் அண்ணனுக்கும் இதே வியாதிதான். தாய்வழியில் வரும், ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று அம்மா சொல்வாள். அதைச் சொல்லும்போது அக்காவின் தலையைத் தடவிக்கொள்வாள். பிறகு தம்பியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிடங்கின் பின்புறம், லாரிகள் இல்லாத சிமெண்டுத் தரையில் ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு தபால்காரர். இருபத்திரண்டு வருஷமாகச் சைக்கிளிலேயே தபால் கொடுப்பவர். ஐந்து வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாதவர். முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பின்னால் இருப்பவருக்கு வேறு வழியே இல்லை என்று மட்டும் சொன்னார். பள்ளம், பிரேக், திருப்பம், ஏற்றம், நிறுத்தறேன். அக்கா அதை ஒரு காகிதத்தில் எழுதிப் பாடம்போல ஒப்பித்தாள். முதல் தடவை மூன்றடி போய்ச் சாய்ந்தார்கள். இரண்டாம் தடவை ஒரு கம்பத்தைப் பார்த்து நேராகப் போனார்கள். பதினோராவது தடவை கிடங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்கள். தம்பி பின்னாலிருந்து சிரிக்க ஆரம்பித்தான். வாயைத் திறந்து, மூச்சு முட்ட, சின்ன வயதில் சிரித்த மாதிரி. பத்தொன்பது வருஷமாக யாருடைய முழங்கையையாவது பிடித்துக்கொண்டு அவர்களுடைய நடைக்குத்தான் அவன் நடந்திருக்கிறான். முகத்தில் காற்று அறைய ஒரு வேகத்தில் போவது எப்படி இருக்கும் என்பதையே மறந்துவிட்டேன் என்றான். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து கால் வலியில் அழுதாள். ஆனால் நிறுத்திவிடலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அவளுடைய பயம் வேறு வடிவம் எடுத்தது. எதையாவது மறந்துவிடுவோமோ என்று மேசைமேல் சாமான்களைப் பரப்பி வைத்து எண்ணிப் பார்ப்பாள். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் வில்லை, கை பம்பு, களிம்பு, உப்புக் கரைசல் பொட்டலம், மாற்றுச் சாக்ஸ். டியூப் மாற்றப் பழகியபோது தம்பி கைத்தடவலிலேயே ஏழு நிமிஷத்தில் முடித்தான்; அவள் அரை மணி நேரம் போராடி நகத்தை உடைத்துக்கொண்டாள். வானிலை அறிக்கையை மூன்று மாசத்துக்கு முன்னாலிருந்தே கேட்க ஆரம்பித்தாள். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது உதடுகள் தானாக அசையும்: பள்ளம், பிரேக், திருப்பம். உடன் வேலை பார்ப்பவர்கள் அக்கா மந்திரம் ஜெபிக்கிறாள் என்று கேலி செய்தார்கள்.

இரண்டாம் மாசத்தில் பாலத்தை இறங்காமல் ஏறினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு வந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தாள்.

தவறுகளும் அப்போதுதான் ஆரம்பித்தன. நடைபாதையிலிருந்து ஒரு பெண் சாலையில் கால் வைத்தது அவளுக்குத் தெரியவில்லை; அந்தப் பெண்ணே பின்வாங்கிக்கொண்டாள். வண்டிகளை மறிக்க நட்டிருந்த குட்டைத் தூணில் ஹேண்டில்பாரின் நுனி உரசிப் பெயிண்ட் போயிற்று. பதற்றம் என்று நினைத்தாள். வீட்டிலும் குளியலறை வாளியில் கால் இடித்தது. ஒரே வாரத்தில் மூன்று முறை. வயசாகிறது என்று நினைத்தாள். கடையில் தேய்த்து முடித்த லென்ஸ் தட்டைத் தன் முழங்கையாலேயே தட்டிவிட்டாள். ஒன்பது ஜோடி. முதலாளி திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வெடு அக்கா என்றார்.

மூன்றாம் மாசக் கடைசியில் அறுபது கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். நகரத்துக்குள் நுழையும் இடத்தில், இடது பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் காய்கறித் தள்ளுவண்டியோடு வந்தார். திடீரென்று வரவில்லை. வண்டியின் கனத்துக்கு மெதுவாகத்தான் வந்திருக்கிறார். அக்காவுக்கு வண்டி தெரிந்தபோது அது முன்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. பிரேக் என்று கத்தக்கூட நேரமில்லை. இருவரும் சாய்ந்து விழுந்தார்கள். அவளுக்கு முழங்கால் கிழிந்தது. தம்பிக்கு முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் வழன்றது. தக்காளிகள் சாலை முழுக்க உருண்டன.

வண்டிக்காரர் கோபத்தில், "கண்ணு தெரியலையா உனக்கு?" என்றார்.

தம்பி தரையில் உட்கார்ந்தபடியே, "எனக்குத்தாங்க தெரியாது" என்றான். அவனுடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் அந்த மனிதர் அடங்கிப்போனார். பிறகு மூன்று பேரும் தக்காளி பொறுக்கினார்கள். தம்பி தரையைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தவை பதினான்கு. அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அக்காவால் சிரிக்க முடியவில்லை. வண்டிக்காரர் கேட்ட கேள்வி வீடு வரை அவளோடு வந்தது.

அந்த வாரம் விடுதியிலிருந்து ஒரு படிவம் வந்தது. முன் சீட்டில் உட்காருபவர்கள் பார்வைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அது ஒரு விஷயமா? கடையில் கண் பரிசோதனை செய்கிற அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல். டாக்டர் இல்லை, ஆனாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா படிவத்தை நீட்டினாள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள். டாக்டரம்மா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், படிவத்தில் பக்கப் பார்வை என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்து, அதையும் முடித்துவிடலாம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தியதுபோன்ற மெஷின். தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வாடிக்கையாளர்கள் செய்வதை அக்கா பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். தான் செய்தபோது அது சுலபமாகத்தான் இருந்தது. வெளிச்சம் வந்தபோதெல்லாம் அழுத்தினாள். நடுநடுவே நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் பழசாகிவிட்டது, முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காகிதம் வெளியே வந்தது. டாக்டரம்மா அதை மேசைமேல் வைத்துக் கையால் நீவினார். நடுவில் ஒரு வெளுப்பு வட்டம். சுற்றிலும் கறுப்பு. இடது பக்கம் கறுப்பு வட்டத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

இந்த மாதிரிக் காகிதம் அக்காவுக்குப் புதிதில்லை. தம்பியின் ஃபைலில் முதல் மூன்று இப்படித்தான் இருந்தன.

"தம்பிக்கு வந்ததுதானா?"

"பெரிய டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "ஆனா ஆமாம்மா. அப்படித்தான் தெரியுது."

பொம்பளைகளுக்கு வராது என்று அம்மா சொன்னாளே என்றாள் அக்கா. அந்தக் காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள், சில பேருக்கு வரும், ஆனால் தாமதமாக, மெதுவாக வரும் என்றார் டாக்டரம்மா. அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஏதோ வாடிக்கையாளரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. ஒரே ஒரு நாள்தான், பயணம் முடிந்ததும் சைக்கிளையே தொடமாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று அதே குரலில் கேட்டாள்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். "போடச் சொன்னா போடறேன். ஆனா பின்னாடி உக்காரப் போறது உன் தம்பி. நீயே சொல்லு."

அக்கா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அன்று ஆறு ஜோடி லென்ஸ் தேய்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. முகத்துக்கு நேராக இருப்பது எல்லாம் அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

நான்கு நாள் தம்பியிடம் சொல்லவில்லை. முழங்கால் இன்னும் ஆறவில்லை என்று அந்த ஞாயிற்றுப் பயிற்சியைத் தவிர்த்தாள். அவன் வீட்டிலேயே உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டான். தன் கையுறையில் பிய்ந்த இடத்தைத் தானே தைத்தான். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டுக்கு வந்து நன்கொடை கொடுத்தவர்களைப் பற்றிச் சொன்னான். மயக்க மருந்து டாக்டர்கூடக் கொடுத்தாராம். கொடுக்கும்போது, பாதி வழியில் தூங்கிவிடாதே என்றாராம். அவள் உம் கொட்டினாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சமையலறையில் சொன்னாள். அவன் முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் வந்திருக்குடா."

அவன் கை நின்றது. முட்டையைத் தட்டில் வைத்தான்.

"தெரியும்" என்றான்.

எப்படி என்று அவள் கேட்பதற்குள் அவனே சொன்னான். "இடது பக்கம் பள்ளம் வந்தா நீ சொல்றதே இல்லக்கா. முதல்ல மறந்துட்டேன்னு நெனச்சேன். அப்புறம் வலது பக்கமும் விட்டுப்போக ஆரம்பிச்சுது. நேரா இருக்கறது மட்டும்தான் சொல்ற. வாளில கால் இடிச்ச சத்தம் வேற. நானும் அப்படித்தானே இடிச்சேன், பதினஞ்சு வயசுல."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மாசமாக, ஞாயிறுதோறும், அவள் சொல்லாத பள்ளங்களுக்கெல்லாம் அவன் பின்னால் உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தெரிந்தே ஏறியிருக்கிறான்.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

அந்த இரண்டு வார்த்தைகளில் அவன் எதையும் ஒளிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விழுந்து மண்டை உடைந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். விழுந்தால் இரண்டு பேரும்தானே விழுவோம் என்றான். அந்தத் தள்ளுவண்டிக்காரர் இடத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால் என்றாள். தலையைக் குனிந்துகொண்டான். சொல்வதற்குப் பயமாகவும் இருந்தது, நான் சொல்லாத வரைக்கும் உனக்கு வரவில்லை என்றே இருந்தது என்று முனகினான். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவன் முதலில் சொன்னது அது இல்லை.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. அவள் சமைத்து வைத்தாள். அவன் பாத்திரம் கழுவி வைத்தான். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தாள். அலமாரி எங்கே, கதவு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாச் சாமானும் தம்பியின் கைக்கு வாகாக இருபது வருஷமாக அவளே அடுக்கி வைத்தவைதான். அதில் அவளால் இரண்டடி வைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து தபால் நிலையத்துக்குப் போனாள். தபால்காரர் மறுநாளைக்கான பைகளைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, முன் சீட்டில் உட்கார முடியுமா என்று கேட்டாள். அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். நீ தம்பியிடம் கேட்டாயா என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அக்கா.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் மனசுக்குள் ஒரு நாடகம் நடந்தது. நீ போ என்று அவள் சொல்வாள். நீயில்லாமல் நான் எதற்கு, போகமாட்டேன் என்று அவன் சொல்வான். அவள் வற்புறுத்துவாள். அவன் மறுப்பான். கடைசியில் அவளே சமாதானம் செய்து அனுப்பி வைப்பாள். அதற்கான வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"தபால்காரர் ஓட்டறேன்னு சொல்லிட்டார். நீ போ."

தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் என்ன உயரம் இருப்பார்?" என்று கேட்டான். "முன் சீட்டை ஏத்தணுமே."

ஆறடி இருப்பார் என்று சொல்லிவிட்டு, துணி காயப்போட்டிருப்பதாக ஏதோ சொல்லி மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே கொடியில் ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் பின்னால் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்ணுக்காக அழுகிறாளா, அவன் கேட்ட கேள்விக்காக அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மிச்சமிருந்த மூன்று வாரமும் அவளே எல்லாம் செய்தாள். முன் சீட்டின் திருகைத் தளர்த்தி நான்கு விரல் உயர்த்தினாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்தாள். தம்பிக்கு ஏற்றம் வருவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், திடீரென்று சொன்னால் பதறுவான். நிற்கும்போது அவன் இடது காலைத்தான் ஊன்றுவான் என்றெல்லாம் சொன்னாள். தபால்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கிடங்கின் பின்னால் அவர்கள் முதல் தடவை ஏறினார்கள். ஒரு தள்ளாட்டம் இல்லை. முதல் சுற்றிலேயே கம்பத்தைத் தாண்டி, அக்கா நின்ற இடத்தைத் தாண்டிப் போனார்கள். தபால்காரரின் கட்டைக் குரல் கேட்டது: பள்ளம், இடது. அவள் அந்தப் பள்ளத்தைத் தேடினாள். தலையை முழுக்கத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது.

பயணத்துக்கு முந்தின சாயங்காலம் தம்பிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் பேசவே மாட்டேன் என்கிறார், நூற்றிருபது கிலோமீட்டர் ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து போவதா என்றான். அக்கா பையைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி எண்ணி, ஒவ்வொன்றையும் அவன் கையில் கொடுத்துக் கொடுத்து அடுக்கினாள். டியூப் எங்கே, களிம்பு எங்கே என்று அவனைச் சொல்ல வைத்தாள். எட்டு மணிக்கு அவனைப் படுக்கச் சொன்னாள். சின்ன வயதில் பரீட்சைக்கு முன்னால் செய்ததுபோலப் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் அவளுக்கு வேலை எழுபதாவது கிலோமீட்டரில். தன்னார்வலர்களோடு வேனில் போய், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தலுக்குக் கீழே நின்று வாழைப்பழமும் ரொட்டியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். மஞ்சள் மேலுடுப்புக் கொடுத்தார்கள். பதினொன்றரைக்கு மேல்தான் இரட்டைச் சைக்கிள்கள் வரும் என்றார்கள். தம்பியும் தபால்காரரும் பதினொன்றுக்கே வந்துவிட்டார்கள்.

அவள் ரொட்டித் தட்டோடு அவர்களை நோக்கிப் போனாள். தம்பியின் முகம் சிவந்து, உப்புப் பூத்து, இருபது வயது குறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற வேறொரு சைக்கிள்காரர் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"பறந்த மாதிரி இருக்குங்க" என்றான் தம்பி. "வழில ஒரு தடவைகூடப் பயமே வரல. இதுக்கு முன்னாடி பழகினப்பல்லாம் உசிரைக் கையில பிடிச்சுட்டுதான் உக்காந்திருப்பேன்."

அக்கா அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றாள். தபால்காரர் அவளைப் பார்த்துவிட்டார். அவன் தோளில் கை வைத்தார். வைத்தவர் என்ன சொல்வதென்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் வாழைப்பழத்தை உரித்துத் தம்பியின் கையில் வைத்தாள். விரல் பட்டதும் அவன் உடம்பு விறைத்தது.

"அக்கா?"

"சாப்பிடு. இன்னும் அம்பது கிலோமீட்டர் இருக்கு" என்றாள்.

அவன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அவளே மேலும் ஒரு பாட்டில் தண்ணீர் நிரப்பிச் சைக்கிளில் செருகினாள். அவன் முதுகில் ஒட்டியிருந்த எண்காகிதம் கிழிந்திருந்தது. அதைச் சரியாகக் குத்திவிட்டாள். அவர்கள் ஏறினார்கள். மைதான வாசல் வரை நேராகப் போனவர்கள் சாலையில் திரும்பியதும் அவளுக்குத் தவறிப்போனார்கள். தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடினாள். பக்கத்தில் நின்றவர்கள் கையாட்டிக்கொண்டே இருந்தார்கள். அவளும் அவர்கள் பார்த்த திசையைப் பார்த்துக் கையாட்டினாள்.

பயணம் நல்லபடியாக முடிந்தது. இரட்டைச் சைக்கிள்களில் தம்பிதான் இரண்டாவதாக வந்து சேர்ந்தான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், நான் அங்கே பேசியது உன் காதில் விழுந்ததா என்று கேட்டான். எது என்றாள் அக்கா. அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வியர்வையில் ஊறிய அந்தத் தலை வீடு வரும் வரை அவள் தோளில் கனத்தது.

அடுத்த மாசம் தம்பியே ஆஸ்பத்திரியில் பேசி அவளுக்குப் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கினான். டாக்டரம்மா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பத்து வருஷம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். சாலையில் சைக்கிள் வேண்டாம். அவள் கடைக்கு நடந்து போக ஆரம்பித்தாள். பழைய சைக்கிளை டாக்டரம்மாவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

தம்பியும் தபால்காரரும் ஞாயிறுதோறும் போனார்கள். விடுதிக்காரர்கள் அந்தச் சைக்கிளை அவர்களிடமே விட்டுவைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவன் கதவருகே நின்றான். இன்றைக்கு எனக்குப் பதிலாக நீ பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வாயேன், அவரிடம் சொல்லியாகிவிட்டது என்றான். இப்போது வேண்டாம் என்றாள் அக்கா. டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என் மேல இன்னும் கோவமாக்கா?"

உண்மையிலேயே யோசித்தாள்.

"கோவம் இல்லடா. நீ போனது எனக்குச் சந்தோஷம்தான். நான்தானே ஏற்பாடு பண்ணேன்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "போகமாட்டேன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

தம்பி கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு கைத்தடவலில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். அதன் வாரைத் திருகினான், விட்டான், மறுபடி திருகினான். மன்னித்துக்கொள் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை விடு என்று அவள் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"அவர் கீழ நிக்கறார், போ" என்றாள் அக்கா, டீ ஆறிய பிறகு.

அவன் எழுந்து போனான். படிகளில் அவன் காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கிக் குறைவதைக் கேட்டுவிட்டு, அவள் டம்ளரைக் கழுவப் போனாள்.